ஆயிரத்து இருநூற்று ஏழாவது உருப்படி

லாரியில் ஏறியவை நாலாயிரத்து நூற்றுப் பதினைந்து. பதிவேட்டில் இருந்தவை நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.

ஒன்றுதான் குறைந்தது. வேறு ஆளாக இருந்தால் ஓர் ஒடிந்த குடையை இரண்டாக எண்ணி லாரியை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஆனால் அந்தப் புறநகர் ரயில் நிலையத்தின் தவறவிட்ட பொருள் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கறார். அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அவர் அதைக் கேள்விப்பட்டபோது பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"சார், மூணு தடவ எண்ணியாச்சு. ஒண்ணு குறையுது," என்றார் பழைய சாமான் எடுக்க வந்த லாரிக்காரர்.

"குறையாது."

"குறையுது சார்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்யா. எப்படிக் குறையும்?"

"கையெழுத்தைத்தான் எடுத்துட்டுப் போகணும்னா சொல்லுங்க. லாரி எதுக்கு, சட்டைப்பையே போதும்."

கறார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். லாரிக்காரர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

கறாருக்குப் பொருளைத் தொலைப்பவர்கள் மேல் இரக்கம் கிடையாது. குடையைத் தொலைத்தவன் நனையட்டும் என்பது அவர் கொள்கை. டிபன் பாக்ஸைத் தேடி வருகிறவர் மூடி நசுங்கியிருக்கும் என்று சொன்னால் போதாது; எந்தப் பக்கம் நசுங்கியது என்று சொல்ல வேண்டும். ஒருமுறை பல்செட்டைத் தொலைத்த ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அடையாளம் சொல்லுங்கள் என்றார் கறார். பல் இல்லாத வாயால் அவர் சொன்னது, 'தெளிவாக இல்லை' என்று பதிவாயிற்று. பத்தொன்பது வருடத்தில் கறார் கையால் உரியவர்களிடம் திரும்பிப் போன பொருட்கள் ஏழு. அந்த ஏழுக்காகவும் அவர் இன்னும் வருத்தப்பட்டார்.

நிலையத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. நூற்றாண்டு விழா மலரில் அதன் வரலாறு என்று பன்னிரண்டு பக்கம் அச்சடித்திருந்தார்கள். பன்னிரண்டிலும் யாரோ ஒரு பெரிய மனிதர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். மலரில் வராத வரலாறு சின்னது. முதலில் ஒரு தகரக் கொட்டகை, தரையோடு தரையாக ஒரு செங்கல் மேடை. பிறகு ரயில் பெட்டிகளின் படி உயர்ந்தது. மேடையையும் உயர்த்த வேண்டியிருந்தது. பழையதை இடிக்க நேரமில்லை என்று அதன் மேலேயே புதியதைக் கட்டினார்கள். இன்னொரு முறை பெட்டிகள் மாறின; இன்னொரு மேடை. மூன்றாவது முறையும் அப்படியே. இடிப்பது செலவு, மூடுவது சுலபம் என்பதை அந்த நிலையம் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு காலத்தில் ரயிலைப் பார்த்தபடி ஜன்னல் வைத்துக் கட்டிய பொருள் அறை இப்போது மூன்றாம் நடைமேடைக்கு அடியில், எட்டுப் படி இறங்கிப் போகும் இடத்தில் இருந்தது. ஜன்னல்கள் இன்னும் இருந்தன. அவை மண்ணைப் பார்த்தன.

இப்போது நான்காவது முறை. கண்ணாடிக் கூரை, நகரும் படிகள், கடைகள். வாசலில் வைத்த பெரிய படத்தில் பயணிகள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கையிலும் மூட்டை இல்லை. படத்தில் ரயிலும் இல்லை. வரைந்தவர் அதைத் தேவையில்லாத இடைஞ்சல் என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ரயில்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு, மேடைகளுக்கு அடியில் இருக்கும் பொந்துகளையெல்லாம் சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்பிவிடுவது ஏற்பாடு. அதற்கு முன் கறார் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'அறை காலி. உள்ளே பொருளோ ஆளோ இல்லை.' அவ்வளவுதான். போட்டால், புதிய நிலையத்தில் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் மேலாளர் என்ற பலகையும் அவருக்கு. போடாவிட்டால் வேலை ஒரு மாதம் தள்ளிப்போகும். நாற்காலி அதற்காகவே காத்திருக்கும் வேறு ஒருவருக்குப் போகும்.

அறையைக் காலி செய்யச் சட்டப்படி மூன்று மாதம் ஆகும். அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஆட்கள் வர வேண்டும், வராததை ஏலம் விட வேண்டும். கறாரிடம் நான்கு நாள்தான் இருந்தது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். 'உரிமை' என்ற கட்டத்தில் 'சொந்தம்'. முதல் உருப்படியிலிருந்து கடைசி வரை ஊதா மையில், உருப்படி என்னவென்று படிக்காமல், இரண்டு பகல் முழுக்க முதுகு நிமிராமல். அந்தக் கணத்திலிருந்து சட்டப்படி அவர் முன்னூற்றுப் பன்னிரண்டு குடைகளுக்கும், அறுபத்தொரு பல்செட்டுகளுக்கும், ஒற்றைக் காலுக்கான எண்ணற்ற செருப்புகளுக்கும் உரிமையாளர். தன் பொருளைத் தான் லாரியில் ஏற்றுவதை யார் கேட்பது?

பன்னிரண்டு மணிக்கு மனைவி போன் செய்தார்.

"என்னங்க, கையெழுத்து ஆச்சா?"

"ஒண்ணு குறையுது. பாத்துட்டு இருக்கேன்."

"நான் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேனே!"

"ஆகாததை எதுக்குச் சொன்ன?"

"அவ கார் வாங்கினதை மூணு மாசமா சொல்றா. நானும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா? அந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க."

"தூக்கிப் போட முதல்ல அது கிடைக்கணும்," என்று போனை வைத்தார்.

அவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எட்டுப் படி இறங்கினார்.

காலி அறையை அவர் பார்த்ததே இல்லை. அலமாரிகள் எலும்புக்கூடுகள்போல் நின்றன. துணி, தோல், பழைய ரப்பர், யாரோ ஒருத்தியின் கைப்பையில் உடைந்த வாசனைத் தைலம் என்று பத்தொன்பது வருடமாக மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்த நெடியெல்லாம் லாரியோடு போய்விட, அதற்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல எழுந்து வந்தது. வெகுநேரம் சாத்திய அறையில் ஆட்கள் தூங்கி எழுந்த வாடை. தலைக்கு மேல் எப்போதும் ஓடும் ஆயிரக்கணக்கான காலடிகள் அன்று இல்லை; ரயில் இல்லை; ஒலிபெருக்கி இல்லை. அந்தச் சத்தங்களுக்கு அடியில் இத்தனை வருடமாக வேறு என்ன இருந்தது என்பதை அன்றுதான் அவர் காதுகள் முதன்முதலாகக் கேட்டன.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மரியாதையாக. கவுண்டருக்கு முன் நிற்பவர்கள் செருமுவதுபோல்.

"தண்ணிக் குழாய்," என்று கறார் உரக்கச் சொன்னார். அந்த அறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது.

மேசையில் பதிவேட்டை விரித்து, லாரிக்காரர் கொடுத்த பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டார். குடை, இருக்கிறது. குடை, இருக்கிறது. ஊன்றுகோல், பித்தளைக் கூஜா, கூண்டு (கிளி இல்லாமல்), குடை. ஆயிரத்து இருநூற்று ஏழில் விரல் நின்றது. அந்தப் பழைய பக்கத்தின் எழுத்து, முதன்முறை மேடை உயர்த்திய காலத்துக் குமாஸ்தா ஒருவருடையது, அச்சுப்போல் இருந்தது.

'ஆண். வயது நாற்பது இருக்கலாம். பெஞ்சியோடு சேர்த்து எடுத்து வைக்கப்பட்டது. எழுந்திருக்க மறுக்கிறது. இடம்: பின்வரிசை.'

கறார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எதுவும் மாறவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை உருப்படிகளை நேரில் பார்த்துச் சரிபார்த்து, வரிக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும் என்பது விதி. இந்த வரிக்கும் டிக்குகள் இருந்தன. பக்கம் போதாமல் தாள் ஒட்டி, அதற்கும் தாள் ஒட்டி, வால்போல் மடிந்து தொங்கியது. தொடக்கத்து டிக்குகளுக்குப் பக்கத்தில் குறிப்புகள். 'இருக்கிறது.' 'இருக்கிறது. தாடி.' 'இருக்கிறது. தண்ணீர் கேட்டது.' 'இருக்கிறது. மறுபடி கேட்டது.' 'இருக்கிறது. கேட்பதை நிறுத்திவிட்டது.' அடுத்த மேடை கட்டிய வருடம்: 'தூசி படாமல் மூடப்பட்டது. இருக்கிறது.' அதன்பின் வந்தவர்களுக்குக் குறிப்பு எழுதும் பொறுமை இல்லை. வெறும் டிக். கருப்பு மை, நீல மை, பென்சில்.

கடைசிப் பத்தொன்பதும் ஊதா.

"எவனோ வேலை இல்லாதவன் விளையாடியிருக்கான்," என்றார் கறார். அந்த ஊதா டிக்குகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. எதையும் பார்க்காமல்தான் அவர் டிக் போடுவார். நாலாயிரம் உருப்படிகளை எந்த மடையன் நேரில் பார்ப்பான்? மற்றவர்களிடம் கறாராக இருப்பதே முழுநேர வேலையாக இருக்கும்போது தன்னிடமும் கறாராக இருக்க ஒரு மனிதனுக்கு நேரம் ஏது?

அந்த எண்ணம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்போது பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு படியிறங்கி வந்தார். அந்த நிலையத்தில் கறாருக்கு முன்னாலிருந்தே வேலை பார்ப்பவர்.

"கடைசி ஷெல்ஃப நகத்தணுமா சார்?"

"எதுக்கு?"

"பின்னாடி போறதுக்குத்தான்."

"பின்னாடி எங்க? அங்க சுவர்."

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "வருஷா வருஷம் நகத்தச் சொல்வீங்களே சார். கணக்கெடுக்குற அன்னிக்கு."

"நானா?"

"பின்ன நானா கணக்கெடுக்குறேன்? நகத்திட்டு வெளிய நில்லுன்னுவீங்க. உள்ள போயிட்டு வந்ததும் கை கழுவுவீங்க. ரொம்ப நேரம் கழுவுவீங்க சார். சோப்பு நான்தான் குடுப்பேன்."

"உளறாத!"

"சரி சார், உளறல," என்று அக்கா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அலமாரியைத் தோளால் தள்ளினார். அது கனமில்லாமல், பழக்கப்பட்ட மாடுபோல் நகர்ந்தது. தரையில் அது போகும் தடம் வளைவாகத் தேய்ந்திருந்தது.

பின்னால் ஒரு கதவு. சுவருக்கு அடித்த அதே மஞ்சள் சுண்ணாம்பை அதற்கும் அடித்திருந்தார்கள். கீல்களில் மட்டும் எண்ணெய் பளபளத்தது.

மேலிருந்து மஞ்சள் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது. இன்ஜினியர் பெண். முப்பது வயது, கையில் சுருட்டிய வரைபடம், முகத்தில் முந்தின நாள் தூக்கமின்மை.

"சார், கலவை லாரி கேட்டுக்கு வந்தாச்சு. கையெழுத்து?"

"இந்தக் கதவு உங்க பிளான்ல இருக்கா?"

அவள் வரைபடத்தை விரித்தாள். "இல்லையே. போன தடவை பிளான்லயும் இல்ல, நாங்க அதைப் பாத்துதான் வரைஞ்சோம்."

"அவங்க?"

"அதுக்கு முன்ன இருந்ததைப் பாத்து." அவள் கொட்டாவி விட்டாள். "யாரு சார் மண்ணுக்குள்ள இறங்கி அளப்பாங்க? பதினஞ்சு நிமிஷம் தர்றேன். உள்ள பாத்துட்டு காலின்னு எழுதிக் குடுங்க. செட் ஆகுற கலவை, நிக்காது."

அவள் போய்விட்டாள். அக்காவும் படியேறி, எப்போதும்போல் வெளியே நின்றுகொண்டார். சொல்லாமலே.

கறார் மேசை மேலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அது சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் இருந்தது அறை அல்ல. பழைய நடைமேடை. டார்ச் வெளிச்சத்தில் அது நீண்டுகொண்டே போனது. செங்கல் பாவிய தரை, தலையில் இடிக்கும் உயரத்தில் புதிய மேடையின் வயிறு, தூண்கள், விளிம்பில் பயணிகள் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய கல் வரிசை, அதற்கப்பால் தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டித்துப்போன மண். காற்று அசையவில்லை, ஆனால் பழையதாகவும் இல்லை. யாரோ இப்போதுதான் மூச்சு விட்டு முடித்ததுபோல் அதில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் கரி, நிலக்கரித் தூள், வியர்த்துக் காய்ந்து மறுபடி வியர்த்த சட்டை. தன் செருப்புச் சத்தம் ஒவ்வொரு தூணிலும் பட்டுத் திரும்புவதை அவர் கேட்டார். திரும்பிய சத்தம் கொஞ்சம் தாமதமாக நின்றது.

பெஞ்சி ஐந்தாவது தூணடியில் இருந்தது.

அதில் ஓர் ஆள்.

கைகள் முழங்காலில். முதுகு நேராக. மீசை. மங்கலான, அளவான, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத முகம். டார்ச் வெளிச்சம் பட்டும் கண்கள் சுருங்கவில்லை.

கால் ஓரடி பின்னால் போனது. ஆனால் பழக்கம் அச்சத்தைவிடப் பழையது. கறாரின் வாயிலிருந்து முதலில் வந்தது:

"டிக்கெட் இருக்கா?"

ஆள் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். இருந்தது.

"இந்த வருஷம் சீக்கிரமா வந்துட்டீங்க," என்றார். குரலில் குறை இல்லை. கேட்டுக் கேட்டு, குறை சொல்லும் பகுதி மட்டும் தேய்ந்துபோன குரல்.

"நான் இங்க வந்ததே இல்ல."

ஆள் அட்டையைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். வலது கைச் சட்டையை மெதுவாக, துணி கிழிந்துவிடாதபடி, முழங்கைக்கு மேல் மடித்தார். உருப்படியின் மேலேயும் ஒரு டிக் போட வேண்டும் என்பது விதியின் மற்றொரு பாதி. மணிக்கட்டிலிருந்து வரிசையாக ஏறின. கருப்பு. நீலம். பென்சில் குத்திய தழும்புகள். முழங்கைக்கு அருகே பத்தொன்பது ஊதா டிக்குகள், ஒவ்வொன்றின் வாலும் இடப்பக்கம் சுழிந்திருந்தது. அப்படிச் சுழிப்பவர் இந்த இலாகாவிலேயே ஒருவர்தான். அதைப் பற்றிக் கறாருக்குப் பெருமையும் உண்டு.

கறாருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததுதான் பயமாக இருந்தது. சோப்பு மட்டும் ஞாபகம் வந்தது. பச்சை சோப்பு. அதன் வாசனை.

"என்னைய யாரோ சொந்தம்னு எழுதி வாங்கிட்டதா சொன்னாங்க," என்றார் ஆள். "நீங்கதானா?"

"யாரு சொன்னா?"

ஆள் சட்டைக் கையை மெதுவாக இறக்கி விட்டார். பின்னால், டார்ச் எட்டாத இடத்தில், பதிவேட்டில் ஏறாத யாரோ இருமினார்கள். அதன் எதிரொலியும் கேட்டது. எதிரொலி பெண் குரலில் இருந்தது.

"இத்தனை வருஷமா யாரும் சொந்தம்னு சொன்னதில்ல," என்றார் ஆள். அவர் முகத்தில், வெகுகாலம் பயன்படாத தசைகளால், ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ உருவாயிற்று. "உங்க வீட்ல எத்தனை ரூம் சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டு."

ஆள் யோசித்தார். திரும்பி, இருட்டைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போட்டார்.

"பத்தாது," என்றார். "பரவாயில்ல. நெருக்கி உக்காந்துக்கலாம்."

பெஞ்சி கிறீச்சிட்டது.

ஆள் எழுந்தார்.

கறார் ஓடினார். செங்கல். தூண். தூண். டார்ச் எங்கோ விழுந்தது. பின்னால் யாரும் ஓடி வரவில்லை. அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள். வந்தார்கள். கதவு. மஞ்சள் வெளிச்சம். அடித்துச் சாத்தி, அலமாரியைத் தானே இழுத்துப் போட்டு, எட்டுப் படியையும் நான்கே தாவலில் ஏறினார். ஐம்பத்து நாலு வயதில் அது பெரிய சாதனை, பாராட்டத்தான் ஆளில்லை.

மேலே வெயில். மூன்றாம் நடைமேடை முழுக்க வெள்ளை வெயில். மூன்று மணியாக இன்னும் ஐந்து நிமிடம்.

இன்ஜினியர் பெண் அட்டையில் கிளிப் போட்ட காகிதத்தை நீட்டினாள். "காலிதானே?"

அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லிவிடலாம். ஆள் இருக்கிறது என்று சொன்னால் போதும். பம்பு நிற்கும். யார் யாரோ இறங்குவார்கள், பதிவேட்டைக் கேட்பார்கள், பெற்றுக்கொண்டவர் யார் என்று பார்ப்பார்கள். 'சொந்தம்' என்று எழுதியிருக்கிறது. ஊதா மையில்.

கண்ணாடி அறை. சுழல் நாற்காலி. வீட்டில் ரெண்டே ரூம்.

"சார்?"

"காலி," என்றார் கறார். கையெழுத்தும் போட்டார். எப்போதும் போடும் அதே கையெழுத்து. கை ஒரே இழுப்பில் முடித்தது. கொடுமை என்னவென்றால், அந்தக் கைக்கு இது புதிதல்ல.

பெருக்கும் அக்கா தூணில் சாய்ந்தபடி கேட்டார். "உள்ள யாரும் இல்லையா சார்?"

"யாரு இருப்பா?"

"அதானே," என்றார் அக்கா. சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சோப்பை எடுத்து நீட்டினார். கறார் வாங்கவில்லை. அக்கா அதைத் தூணடியில் வைத்துவிட்டுப் போனார்.

பம்பு உறுமியது. யானைத் தும்பிக்கை கனத்தில் குழாய் ஒன்று துடிக்கத் தொடங்கியது. சாம்பல் நிறக் கலவை மேடைக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. உள்ளேயிருக்கும் காற்று வெளியே வர மேடையில் ஓட்டை போட்டு ஆறு இரும்புக் குழாய்களை நட்டு வைத்திருந்தார்கள், முழங்கால் உயரத்துக்கு. குழாய் வாயில் கலவை பொங்கி வந்தால் அந்த இடம் நிறைந்துவிட்டது என்று பொருள். "ஒவ்வொண்ணா பொங்கும் சார், பால் மாதிரி," என்று இன்ஜினியர் பெண் சொன்னாள். "ஒன்றரை லாரி போதும்."

கறார் ஐந்தாவது குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். அங்கே நிற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை. கால்கள் முடிவு செய்தன.

முதலில் வாடை வந்தது. மண்ணெண்ணெய்க் கரி. சட்டை. பிறகு காற்று, சீராக, வெதுவெதுப்பாக, அவர் கால்சட்டையின் ஓரத்தை அசைத்தது. முதலாம் குழாய் பொங்கியது. தொழிலாளிகள் கை தட்டினார்கள். இரண்டாம் குழாய் பொங்கியது. மூன்றாவது. நான்காவது. அடியிலிருந்து கலவை ஏற ஏற, மிச்சமிருந்த காற்றெல்லாம் ஒரே இடத்துக்கு ஓடி வந்ததுபோல் ஐந்தாம் குழாய் ஊதத் தொடங்கியது. புல்லாங்குழலைத் தப்பாக ஊதும் சத்தம். அப்புறம் அது ஊதல் இல்லை.

"சார்," என்றது குழாய்.

மரியாதையாக.

கறார் சுற்றிலும் பார்த்தார். இன்ஜினியர் பெண் பத்தடி தள்ளி, பம்பு மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார். ரெண்டு ரூம்னு சொன்னீங்களே."

அவர் மண்டியிட்டார். வெயிலில் பழுத்த சிமென்ட் தரை முழங்காலைச் சுட்டது. வலது உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்து, முழுப் பலத்தோடு அழுத்தினார்.

குரல் நின்றது.

பம்பின் உறுமல் மட்டும். வெயில் மட்டும். ரயில் இல்லாத தண்டவாளம் இரண்டு பக்கமும் பளபளத்துக்கொண்டு போனது. ஒரு நிமிடம், இவ்வளவுதான், முடிந்தது என்று அவர் நினைத்தார்.

பிறகு உள்ளங்கைக்கு நடுவில் ஏதோ பட்டது.

ஈரம். சூடு. மீசை முடி.

உதடுகள்.

அவை அவசரமில்லாமல் அசைந்தன. சத்தம் இல்லை, 'நெருக்கி உக்காந்துக்கலாம்' என்ற சொற்களின் வடிவம் மட்டும் தோலில் பட்டுப் பட்டு நகர்ந்தது.

"சார், கைய எடுங்க!" என்று இன்ஜினியர் பெண் கத்தினாள். "காத்து வெளிய வரணும் சார்! அடைச்சா கலவை ஏறாது!"

"எடுக்க மாட்டேன்."

"என்ன சார் சின்னப் பிள்ளையாட்டம்... ஆறு மணிக்கு ரயில் விடுறதுக்குள்ள நிரப்பணும்!" அவள் மீட்டரை இன்னொரு முறை பார்த்தாள். குரல் இறங்கியது. "இது மூணாவது லாரி. இவ்வளவும் எங்க போகுது?"

கறார் கையை இன்னும் அழுத்தினார். மீசை விலகியிருந்தது. அந்த இடத்துக்கு வேறு உதடுகள் வந்தன. மெல்லியவை. மீசை இல்லை. அவையும் அதையே சொல்லி முடித்து விலகின. அடுத்தவை பல்லில்லாமல் குழிந்திருந்தன. அடுத்தவை மிகவும் சின்னவை. குழாயின் வாய்க்கு எட்ட யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். தள்ளுமுள்ளு இல்லை. யாரும் முந்தவில்லை. ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். அந்த நிலையத்தில் அப்படியொரு ஒழுங்கான வரிசையை யாரும் பார்த்திருக்க முடியாது.

நான்காவது லாரி பின்வாங்கி வந்து நின்றது. கலவை இன்னும் வரவில்லை. உதடுகள் வந்துகொண்டிருந்தன.